கண்ணாடிக்காரரின் வீட்டுக்காரர்

கண்ணாடிக்காரர் தன் தலையணையையும் போர்வையையும் சுருட்டிக்கொண்டு மாடி அறைக்குப் போனபோது சொன்ன காரணம் குறட்டை.

"என் குறட்டையில உன் தூக்கம் கெடுது" என்றார்.

"பஸ் இன்ஜின் பக்கத்துலயே காலத்தை ஓட்டினவன் நான். உன் குறட்டை இல்லன்னாத்தான் தூக்கம் வராது" என்றார் வீட்டுக்காரர்.

கண்ணாடிக்காரர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுவாரம் மாடிக்கென்று தனியாக ஒரு மெத்தையே வாங்கிவிட்டார்.

தெருவில் எல்லோரும் இவரைக் கண்ணாடிக்காரர் என்றுதான் சொல்வார்கள். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். அவர் மாடிக்கு வாடகைக்கு வந்தது ரொம்ப வருஷம் முன்னால். அந்த மழைக்காலத்தில் மாடிக் கூரை ஒழுகியது. படுக்கையை எடுத்துக்கொண்டு கீழே வந்தார். கூரையைச் சரி செய்தார்கள். அவர் மேலே திரும்பிப் போகவில்லை. வீட்டுக்காரரும் 'வாடகைக்கு விடப்படும்' என்ற பலகையை மறுபடி மாட்டவில்லை. கண்ணாடிக்காரர் அறுபதைத் தாண்டி, வீட்டுக்காரர் எழுபதை நெருங்கிக்கொண்டிருந்த இப்போதுவரை குடித்தனம் அப்படியே நடந்தது.

யாராவது விசாரித்தால், "இவர் எங்க வீட்டுக்காரர்" என்று கண்ணாடிக்காரர் பணிவாகச் சொல்வார். வீட்டுச் சொந்தக்காரரைக் குடியிருப்பவர்கள் அப்படிச் சொல்வார்கள். கட்டிய புருஷனைப் பெண்கள் அப்படிச் சொல்வார்கள். கேட்டவர்கள் முதல் அர்த்தத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். சொன்னவர் எப்போதும் இரண்டாவது அர்த்தத்தில்தான் சொன்னார். தினமும் கடையைத் திறக்கும் முன் கண்ணை மூடிப் பிரார்த்தனை செய்கிறவர் அவர். பொய் பேசாமலே காலத்தைத் தள்ள ஒரு சொல் கிடைத்ததே என்று அதற்கும் சேர்த்துக் கடவுளுக்கு நன்றி சொல்வார்.

மாடிக்குப் போன உண்மைக் காரணம் வேறு. போன வருஷம் அவருக்கு நெஞ்சு வலித்து, மருத்துவமனையில் படுத்து, ரத்தக்குழாயில் ஸ்டென்ட் என்ற சின்ன வலை வைத்து அனுப்பினார்கள். வேளைக்கு வேளை மாத்திரை வந்தது. நெஞ்சு தேறியது. ஆனால் ஆசை எழுந்தாலும் உடம்பு எழவில்லை. முதல் தடவை களைப்பு என்று சொல்லிச் சிரித்து மழுப்பினார். அடுத்த தடவை தலைவலி என்றார். அதற்கடுத்த தடவை வீட்டுக்காரரின் கை தோளில் பட்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, முழித்துக்கொண்டே குறட்டை விட்டார். விட்ட குறட்டை அவருக்கே வெட்கமாக இருந்தது. அதன் பிறகுதான் மெத்தை வாங்கினார்.

வீட்டுக்காரர் சண்டை போடவில்லை. 'நீ' என்று கூப்பிட்டு வந்தவர் 'நீங்க' என்று கூப்பிட ஆரம்பித்தார்.

"டீ ஆறுது. எடுத்துக்கோங்க."

"எடுத்துக்கோங்கவா?"

"மாடியில குடியிருக்கறவங்களுக்கு மரியாதை கொடுக்கணும் இல்லையா."

அந்த ஒரு 'ங்க' கண்ணாடிக்காரரை ஊசி மாதிரி குத்தியது. மரியாதை கொடுத்து ஒரு மனிதனைத் தள்ளி வைக்க நம் மொழியில் முடியும். வீட்டுக்காரருக்கு அது நன்றாகவே வந்தது.

ஒரு நாள் காலையில் பேப்பரை மடித்துக்கொண்டே அவர் சொன்னார்: "திங்கக்கிழமை கொத்தனார் வர்றார். வெளிப்பக்கமா ஒரு படிக்கட்டு கட்டிடலாம்னு இருக்கேன். நீங்க என் கூடம் வழியா ஏறி இறங்க வேண்டாம். மேலயே ஒரு சின்ன அடுப்படியும் போட்டுடலாம்."

கண்ணாடிக்காரர் டீயை வாயில் வைத்துக்கொண்டு முழுங்க மறந்தார். படிக்கட்டு வந்துவிட்டால் அடுப்பு வரும். அடுப்பு வந்துவிட்டால் அது இரண்டு வீடு. ஒரு வார்த்தை சொன்னால் போதும், படிக்கட்டு நின்றுவிடும். அந்த ஒரு வார்த்தைதான் அவர் வாயில் வரவில்லை. "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பினார்.

அன்று கடைக்கு வந்த முதல் ஆள் மாப்பிள்ளை. எழுபது வயதில் முடி அலங்காரக் கடை நடத்துகிறவர். எந்நேரமும் மணவறைக்குப் போகிறவர் போலச் சலவைச் சட்டையும் வாசனையுமாக இருப்பார் என்பதால் அந்தப் பெயர். இந்த இருவரின் குடித்தனம் தெரிந்த சிலரில் அவரும் ஒருவர்.

"காது பிடி லூசாயிடுச்சு. குனிஞ்சா கண்ணாடி அடுத்தவன் தலையில விழுது" என்று கழற்றிக் கொடுத்தார். பிறகு உற்றுப் பார்த்தார். "என்னய்யா, முகத்துல களையே காணோம்?"

கண்ணாடிக்காரர் குட்டி ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், விஷயத்தைச் சொன்னார். கை வேலையில் இருக்கும்போது வாய் தானாகப் பேசிவிடும்.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. "இதுக்கா இப்படி மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க? நான் எதையும் மூடி மறைக்கறதில்லப்பா. எனக்கு வர்ற சிநேகம் நிலையானது இல்ல, அது எனக்கே தெரியும். அதனால ஆணுறை இல்லாம யாரையும் கிட்ட விடறதில்ல. மறக்காம ரத்தம் கொடுத்து டெஸ்ட் பண்ணிப் பார்த்துக்கறேன். அங்க இருக்கற பொண்ணு, 'தாத்தா, உங்களுக்கா டெஸ்ட்டு?'ன்னு கேட்டுச்சு. ஆமாம்மா, வயசானவன்கிட்ட வரமாட்டேன்னு எந்தக் கிருமி உன்கிட்ட சொல்லுச்சுன்னேன். அப்புறம் நாற்காலி போட்டு உட்கார வச்சுது."

"உனக்குத் தைரியம் உண்டு."

"தைரியம் இல்லப்பா, உயிர் மேல ஆசை." சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். நீல மாத்திரைகள். "பாதி போட்டாப் போதும். கொஞ்ச நேரம் முன்னாடியே போட்டுக்கணும்."

"நெஞ்சு மாத்திரையோட போடலாமா? வலிச்சா நாக்குக்கடியில வச்சுக்கறதுக்கும் ஒண்ணு கொடுத்திருக்காங்க."

"அது நெஞ்சுக்கு. இது வேற இடத்துக்கு. ரெண்டுக்கும் நடுவுல என்ன சண்டை?"

மாப்பிள்ளை அன்பில்தான் சொன்னார். ஆனால் நெஞ்சு நிறைய அன்பு இருப்பதால் ஒருவருக்கு மருந்து விவரம் தெரிந்துவிடாது. கண்ணாடிக்காரர் அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாதி போட்டுக்கொள்வது, கீழே இறங்கிப் போவது, திங்கட்கிழமை கொத்தனாரை வாசலிலேயே திருப்பி அனுப்புவது என்று கணக்குப் போட்டார். நெஞ்சில் ஒரு பயம் இருந்தது. படிக்கட்டு பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை வழக்கமான பரிசோதனை. என்ன கோபம் இருந்தாலும் வீட்டுக்காரர் கூட வராமல் இருக்கமாட்டார். பஸ்ஸில் மட்டும் முன்னிருக்கையில் தனியாக உட்கார்ந்துகொண்டு, ஓட்டுகிறவனின் கியரைக் குறை கண்டுகொண்டே வந்தார்.

மருத்துவமனையில் ரத்த அழுத்தம் பார்க்கிற செவிலியர், சீக்கிரம் ஓய்வு பெறப்போகிற வயது. கை வேலை செய்ய, வாய் சும்மா இருக்காது.

"வீட்டுலேருந்து யாரும் வரலையா?"

"வீட்டுக்காரர் வந்திருக்கார் சிஸ்டர்" என்று வாசலைக் காட்டினார் கண்ணாடிக்காரர்.

"பரவாயில்லையே. எங்களுக்கும் ஒரு வீட்டுச் சொந்தக்காரர் வாய்ச்சிருக்காரே, குழாய் ஒழுகுதுன்னு சொன்னா அடுத்த மழைக்குத்தான் எட்டிப் பார்ப்பார். உங்களுக்கு ஆஸ்பத்திரி வரைக்கும் வர்றாரு. சரி, என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

கண்ணாடிக்காரருக்குச் சட்டைப் பையில் இருந்த அட்டை நினைவுக்கு வந்து மற்ற மாத்திரைகளின் பெயர் எல்லாம் மறந்துபோயிற்று.

வாசலிலிருந்தே வீட்டுக்காரர் ஒப்பித்தார்: "காலையில வெறும் வயித்துல வெள்ளை மாத்திரை. சாப்பிட்டதும் மஞ்சள். ராத்திரி சின்னது ஒண்ணு, அதை வெதுவெதுன்னு தண்ணி வச்சுக் கொடுத்தாத்தான் போடுவார். ரத்த அழுத்த மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்துக்குத் தலை லேசாச் சுத்தும். வெளியில சொல்லமாட்டார். சுவரைப் பிடிச்சுக்குவார்."

செவிலியர் சிரித்தார். "நல்லா இருக்கு. எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான். நான் பக்கத்துல நின்னு சொல்லலன்னா எந்த மாத்திரை எந்த வேளைக்குன்னே அவருக்குத்…"

அங்கேயே நிறுத்தினார். தன் வாயில் வந்த சொல்லைத் தானே காதில் கேட்டவர் போலிருந்தது. கண்ணாடிக்காரரைப் பார்த்தார். வாசலில் நின்றவரைப் பார்த்தார். வாடகைக்கு விட்டவன் எவனுக்கும் வெதுவெதுப்பான தண்ணீர் தெரிந்திருக்க வழியில்லை.

கண்ணாடிக்காரர் மெதுவாகச் சொன்னார்: "எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான் சிஸ்டர். அவர் சொல்லலன்னா எனக்கு ஒண்ணும் ஓடாது."

அந்தச் சொல்லை அவர் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். சரியான அர்த்தத்தில் கேட்டுக்கொண்ட முதல் ஆள் அந்த அம்மாள்தான்.

செவிலியர் அவர் கையில் சுற்றியிருந்த ரத்த அழுத்தப் பட்டையைக் கழற்றிச் சுருட்டி வைத்தார். மூலையில் கிடந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் டாக்டர் அறையில், நோயாளி உட்கார்கிற நாற்காலிக்குப் பக்கத்தில் ஒட்டினாற்போல் போட்டார். "சார், நீங்களும் உள்ள போங்க. டாக்டர் சொல்றதை ரெண்டு பேரும் காதுல வாங்கிக்கறது நல்லது. எங்க வீட்டுக்காரர்னா நான் விட்டுட்டு வெளியில நிப்பேனா?" என்றார்.

ஒரு நாற்காலியை இழுத்துப் போடுவது பெரிய புண்ணியம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கடவுள் பார்த்திருப்பார்.

டாக்டர் இளம்பெண். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். "நல்லா இருக்கு. மாடி ஏறினா மூச்சு வாங்குதா?"

"இல்லம்மா."

"அதெல்லாம் வேகமா ஏறுவார் டாக்டர்" என்றார் வீட்டுக்காரர். "என்கிட்டேருந்து தப்பிக்கறதுன்னா இன்னும் வேகம்."

டாக்டர் இரண்டு நாற்காலிகளையும் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து குடித்தனம் பண்றீங்களா?"

"பண்ணிட்டிருந்தோம்" என்றார் வீட்டுக்காரர். "இப்ப அவர் மாடியில இருக்கார். குறட்டையாம்."

"சரி. நான் எல்லாரையும் கேக்கற கேள்விதான் இது. நான் எழுதிக் கொடுத்தது இல்லாம வேற மாத்திரை ஏதாவது உண்டா? கடையில வாங்கினது, தெரிஞ்சவங்க கொடுத்தது?"

கண்ணாடிக்காரருக்கு இல்லை என்று சொல்ல நாக்கு தயாராக இருந்தது. இத்தனை வருஷம் ஒரு சொல்லுக்குள் இரண்டு அர்த்தத்தை வைத்துக்கொண்டு பொய் பேசாமல் வாழ்ந்துவிட்டார். இந்த நீல மாத்திரைக்கு இரண்டு அர்த்தம் கிடையாது. மனசுக்குள் 'கடவுளே' என்றார். சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து மேசையில் வைத்தார்.

வீட்டுக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அட்டையைக் கிட்டத்தில் வைத்துப் படித்தார். திருப்பிப் படித்தார். அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது.

"ஏன்டா," என்றார், "இதுக்காகவா மாடிக்குப் போன?"

'நீங்க' போயிற்று. 'நீ'யைக்கூடத் தாண்டி, டாக்டர் முன்னால் ஒரு 'டா' வந்து விழுந்தது. கண்ணாடிக்காரருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எப்படிச் சொல்றது? நீ என்ன நெனப்பியோன்னு…"

"நான் என்ன நெனச்சேன் தெரியுமா? என்னைப் பார்த்துப் பார்த்து உனக்கு அலுத்துப்போச்சுன்னு நெனச்சேன். நீயே ஒரு நாள் பெட்டியைத் தூக்கிட்டுப் போறதைவிட, நானே படிக்கட்டைக் கட்டிக் கொடுத்துடலாம்னு நெனச்சேன்."

"போட்டுட்டீங்களா இதை?" என்று டாக்டர் குறுக்கிட்டார்.

"இல்லம்மா. ஞாயித்துக்கிழமை போடலாம்னு இருந்தேன்."

"நல்ல வேளை. நாக்குக்கடியில வைக்கற மாத்திரையும் இதுவும் சேர்ந்தா ரத்த அழுத்தம் சட்டுனு கீழ போயிடும். உயிருக்கே ஆபத்து. உங்களுக்கு இது வேண்டவே வேண்டாம்."

வீட்டுக்காரர் அட்டையை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டார். போட்ட வேகத்தில் கூடை சாய்ந்தது. கண்ணாடிக்காரர் முகம் தொங்கிப்போனது. "அப்ப அவ்வளவுதானா டாக்டர்?"

"யார் சொன்னது? நெஞ்சு நோய்க்கு அப்புறம் இது ரொம்பப் பேருக்கு வர்றதுதான். யாரும் வாயைத் திறக்கறதில்ல, நாங்களும் வயசானவங்கன்னா கேக்காம விட்டுடறோம். ரத்த அழுத்த மாத்திரை ஒண்ணு கூட காரணமா இருக்கலாம், மாத்திப் பார்க்கலாம். நீங்களா நிறுத்திடக் கூடாது. அப்புறம் பம்ப் ஒண்ணு இருக்கு, மாத்திரையே வேண்டாம்."

"பம்பா?" வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "டயருக்குக் காத்தடிக்கற மாதிரியா?"

"இதுல காத்தை வெளிய இழுக்கும்."

"அப்ப எனக்கு விட்டுடுங்க டாக்டர். டிப்போவுல பாதி நாள் அந்த வேலைதான்."

டாக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணாடிக்காரர் அசடு வழிந்தார், ஆனால் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"மூச்சு வாங்காம மாடி ஏறினா இதுக்கும் நெஞ்சு தாங்கும்" என்றார் டாக்டர். "அதோட, எல்லாத்தையும் அந்த ஒண்ணுலயே போட்டு அளக்காதீங்க. பக்கத்துல படுக்கறது, கட்டிப் பிடிக்கறது, கையால ஆறுதலாத் தடவிக் கொடுக்கறது, இதுக்கெல்லாம் எந்த மாத்திரையும் வேண்டாமே. ரெண்டு பேரும் ரத்தப் பரிசோதனையும் பண்ணிக்கோங்க. வேற யாரோடயும் பழக்கம் உண்டா?"

"எனக்கு இவன் ஒருத்தனைச் சமாளிக்கவே நேரம் பத்தல" என்றார் வீட்டுக்காரர்.

"இருந்தாலும் ஒரு தடவை பார்த்துடலாம். எல்லாருக்கும் அதைத்தான் சொல்றேன்."

எழுந்து நின்ற வீட்டுக்காரர் போகவில்லை. கதவுக் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "டாக்டர், எனக்கும் ஒண்ணு. ராத்திரி நிறையத் தடவை எழுந்து போக வேண்டியிருக்கு. போனாலும் சரியா வர்றதில்ல. மத்த விஷயத்துலயும் முன்ன மாதிரி இல்ல."

கண்ணாடிக்காரர் அவரைத் திரும்பிப் பார்த்தார். "இதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ மாடியில இருந்தியே. ஒரு பக்கம் வயித்தெரிச்சல். ஒரு பக்கம், எத்தனை தடவை எழுந்திரிக்கறேன்னு உனக்குத் தெரியாதேன்னு நிம்மதி."

"ரெண்டு பேரும் நல்ல ஜோடிதான்" என்றார் டாக்டர். வீட்டுக்காரருக்கும் ஒரு நாள் குறித்துக் கொடுத்தார்.

மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர் கொத்தனாருக்குப் போன் போட்டார். "படிக்கட்டு வேண்டாம்பா. இல்ல, வேற ஆளைப் பார்க்கல. இருக்கற படிக்கட்டே போதும்னு தோணிடுச்சு." கண்ணாடிக்காரர் மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, நெஞ்சு மாத்திரை சாப்பிடுகிற வேறு யாருக்கும் அந்த அட்டையை நீட்டிவிடாதே என்று எடுத்துச் சொன்னார். மாப்பிள்ளை பதறிப்போய், உடனே கிளம்பி வருகிறேன் என்றார். இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு வா என்றார் இவர்.

அடுத்து மெத்தை.

"பாரம் தூக்கக் கூடாது நீ" என்று வீட்டுக்காரர் கீழ்ப்படியில் நின்றுகொண்டார். "மேலேருந்து சும்மா தள்ளு. நான் பார்த்துக்கறேன். வரட்டும், வரட்டும், இடது பக்கம் ஒடி."

பஸ் ஸ்டியரிங்கை ஒடிக்கிற மாதிரி மெத்தையை எப்படி ஒடிப்பது என்று கண்ணாடிக்காரருக்குத் தெரியவில்லை. அது படிக்கட்டின் திருப்பத்தில் சுவரோடு சுவராகப் பிதுங்கி நின்றுவிட்டது. ஒருவர் மேலே, ஒருவர் கீழே, நடுவில் ஆளுயர மெத்தை. முகம் பார்க்க முடியவில்லை.

"மாட்டிக்கிச்சு" என்றார் கண்ணாடிக்காரர்.

"தெரியுது."

முகத்துக்கு நேரே வராத பேச்சு மெத்தைக்கு நேரே வந்தது.

"ரொம்பப் பயந்துட்டேன்" என்றார் கண்ணாடிக்காரர்.

"எதுக்கு?"

"நீ சிரிச்சுடுவியோன்னு."

மெத்தைக்கு அந்தப் பக்கம் யோசிக்கிற சத்தம் கேட்டது. "சிரிச்சிருப்பேன்தான்."

"அதான்."

"நீயும்தானே கூடச் சேர்ந்து சிரிச்சிருப்ப, மடையா."

கண்ணாடிக்காரர் தோளைக் கொடுத்து மெத்தையை ஒரு தள்ளு தள்ளினார். பிதுங்கி நின்றது சட்டென்று விடுபட்டு, வீட்டுக்காரரையும் தள்ளிக்கொண்டு வழுக்கிப்போய், கூடத்துத் தரையில் விழுந்தது. இவர் பதறி இறங்கி ஓடினார். வீட்டுக்காரர் மெத்தை மேல் மல்லாந்து கிடந்தார். அடி எதுவும் இல்லை. வயிறு குலுங்கிக்கொண்டிருந்தது.

"எழுந்திரு. அறைக்குள்ள இழுத்துப் போட்டுடலாம்."

"எதுக்கு அவசரம்? இங்கயே நல்லாத்தான் இருக்கு. நீ வா."

கண்ணாடிக்காரர் வாசல் கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்தார். மூட்டு வலியோடு மெல்ல உட்கார்ந்து, பிறகு படுத்தார். வீட்டுக்காரரின் கை வந்து அவர் தோளில் விழுந்தது. இந்தத் தடவை அவர் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டார்.

"தூங்கறியா?"

"இல்ல. நன்றி சொல்லிட்டிருக்கேன்."

"யாருக்கு?"

கண்ணாடிக்காரர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, யார் காலும் படாத தூரத்தில் வைத்துவிட்டு, நெருங்கிப் படுத்தார்.